எல்லைக்கல்லில் உறைந்த தெய்வம்

உழுதுண்டு வாழும் மக்களிடையே நிலத்தின் எல்லை சிறிய விடயமன்று. ஒரு முழ நிலத்தின் பொருட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பகைத்து நின்ற குடும்பங்கள் எந்நாட்டிலும் உண்டு. பண்டைய உரோமரும் இதற்கு விலக்கானவர் அல்லர். அவர்களிடம் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, நிலம் அளப்போரும் இருந்தனர். இவை மட்டும் போதா எனக் கருதினர் போலும்; எல்லைக்கல்லையே அவர்கள் தெய்வமாக்கினர். அத்தெய்வத்தின் பெயர் தெர்மினசு.

வயலோரத்தில் நட்ட கல், அல்லது மண்ணிற் புதைத்த மரக்கட்டை, அதுவே தெர்மினசின் திருவுரு. இவ்வழிபாட்டை ஏற்படுத்தியவன் நூமா என்னும் பழைய மன்னன் என்பது உரோமரின் மரபு. எல்லைக்கல்லைப் பெயர்த்தவன் தெய்வத்தின் சாபத்துக்கு உரியவன் என்றும், அவனைக் கொன்றவனுக்குக் கொலைப்பழி இல்லை என்றும் அம்மன்னன் விதித்தானாம். கல்லை உழுது புரட்டியவனோடு, ஏரிற் பூட்டிய எருதுகளும் சாபத்துக்கு உள்ளாயின.

கல் நடுவதும் ஒரு வேள்வியாகவே நிகழ்ந்தது. குழியொன்று தோண்டி, அருகே கல்லை நிறுத்தி, எண்ணெய் பூசி மாலை சூட்டுவர். குழியினுள் தீ மூட்டிப் பலியின் குருதியும், நறும்புகைப் பொருளும், தானியமும், தேனும், மதுவும் இடுவர். யாவும் எரிந்தபின், சூடு ஆறாத தணல்மேல் கல்லை நாட்டுவர். இச்சடங்கில் ஒரு நடைமுறைப் பயனும் இருந்தது. கரி மண்ணில் மக்குவதில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் வழக்கு எழுந்தால், கல்லின் அடியைத் தோண்டிக் கரியைக் காட்டிப் பொய்யுரைப்போனை வாயடைக்கலாம். கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே கிறித்தவப் பேரறிஞர் அகுஸ்தீனும் கரியின் இவ்வியல்பை வியந்து எழுதியுள்ளார்.

ஆண்டுதோறும் பெப்ரவரி 23ஆம் நாள் தெர்மினசின் திருநாள். அன்று எல்லையின் இருபுறத்து உழவரும் கல்லருகே கூடி, தத்தம் பக்கத்திலிருந்து மாலை சூட்டிப் பணியாரம் படைப்பர். இல்லத்தரசி தன் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பை உடைந்த பானையோட்டில் ஏந்தி வருவாள். முதியவர் விறகு அடுக்குவார். சிறுவன் மும்முறை தானியத்தைத் தீயிலிடுவான். சிறுமி தேனடை படைப்பாள். ஆட்டுக்குட்டி அல்லது பன்றிக்குட்டி பலியாகும். பின்னர் யாவரும் ஒருங்கிருந்து உண்டு பாடுவர். இவ்விழாவை ஓவிது என்னும் கவிஞர் விரிவாக வருணித்துள்ளார். வேலிக்கு அப்பால் நின்று முறைத்த இருவர், ஆண்டுக்கொரு முறையேனும் ஒரே கல்லின் முன் உணவைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்ததே இத்திருநாளின் பெரும்பயன் எனலாம்.

தெய்வ அச்சத்தோடு சட்டமும் துணைநின்றது. கி.மு. 450ஆம் ஆண்டளவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம், வயல்களுக்கிடையே 5 அடி அகல நிலத்தை எவரும் அனுபவ உரிமையால் கைக்கொள்ளலாகாது என்றது. பிற்காலப் பேரரசன் அதிரியன், எல்லைக்கல்லைப் பெயர்த்த உயர்குடியினருக்கு நாடுகடத்தலும், ஏனையோருக்குக் கசையடியும் 2 ஆண்டுக் கட்டாய வேலையும் விதித்தான். சாபம் தண்டனையாக மாறியபோது, அதில் செல்வன், எளியவன் என்ற வேற்றுமையும் புகுந்துகொண்டது.

உரோம நகரின் கப்பித்தோல் குன்றில் யூப்பிற்றருக்குப் பெருங்கோயில் எழுப்ப முனைந்தபோது, ஆங்கிருந்த பிற தெய்வங்கள் இடம்விட்டு விலகின. தெர்மினசோ அசையவில்லை என்பது கதை. ஆதலின் கல்லை உள்ளே வைத்தே கோயில் கட்டினர். திறந்த வானின் கீழேயே வழிபடவேண்டிய தெய்வமாதலால், அதற்கு நேரே கூரையில் ஒரு துவாரமும் விட்டனர். நாட்டின் எல்லைகளும் அசையா என்பதற்கு இதனை நன்னிமித்தமாக உரோமர் கொண்டனர்.

ஆயினும் அயலானின் ஒரு சாண் நிலத்தைக் கவர்வது பாவமென்ற அதே உரோமர், அயல்நாடுகளின் எல்லைகளைத் தயங்காது கடந்தனர். கி.பி. 117இல் அதிரியன் அரியணை ஏறியதும், முன்னவன் திராயன் வென்ற கிழக்கு நாடுகளைக் கைவிட்டான். யூப்பிற்றருக்கு விலகாத தெர்மினசு அதிரியனுக்கு விலகியதே என அகுஸ்தீன் எள்ளினார். பேரரசின் எல்லை படைவலியைப் பொறுத்தது. வயலின் எல்லையோ, இருபுறத்தாரும் ஒருங்கே மாலை சூட்டிய கல்லினால் நிலைபெற்றது.