டிரெய்லர் வீட்டுக்கு மாற்று டயர்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வண்டிகள் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளில் கனமானது 'ஃபிஃப்த் வீல்' எனப்படும் வகை. இதன் முன்பகுதி பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்கு மேலே நீண்டு, பின் அச்சின் பக்கத்தில் பொருத்திய பூட்டில் அமர்கிறது. அடுக்களை, குளியலறை, தண்ணீர்த் தொட்டிகள், பக்கவாட்டில் தள்ளி விரிக்கும் அறைகள் எல்லாம் சேர்ந்து ஆறு டன்னைத் தொடும் இவ்வண்டிகளில் பல, இரண்டே அச்சுகளில், நான்கே டயர்களில் ஓடுகின்றன. பிக்கப்பின் மீது இறங்குவது மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரைதான். மீதி முழுவதும் அந்த நான்கு டயர்களின் தலையில்.

இந்த டயர்கள் பட்டன் தேய்ந்து மொட்டையாவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. காரணம் அச்சுகளின் அமைப்பு. அருகருகே உள்ள இரண்டு அச்சுகளும் திரும்பாதவை. முகாம் மைதானத்தில் குறுகிய வளைவில் வண்டியைத் திருப்பும்போது சக்கரங்கள் உருளுவதைவிடப் பக்கவாட்டில் இழுபடுவதே அதிகம். அந்த நேரத்தில் வெளியே நின்று பார்த்தால் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமுமாக டயர் சாய்ந்து நெளிவது தெரியும். உள்ளே எஃகுக் கம்பி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அரைபடுகின்றன. நாளடைவில் அவை பிரிந்து, ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தில் மேல்தோல் அப்படியே உரிந்து போகும். முன்னால் ஓட்டுபவருக்கு இது உடனே தெரிவதில்லை. சுழலும் ரப்பர் துண்டு சக்கர வளைவைக் கிழித்து, ஒயரையும் எரிவாயுக் குழாயையும் அறுத்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. டயர் அழுத்தத்தை ஓட்டுநர் முன் காட்டும் கருவி இவ்வண்டிகளுக்கு ஆடம்பரமல்ல.

எழுத்துகளின் பொருள்

டயரின் பக்கச் சுவரில் அளவுக்கு முன்னால் 'எஸ்டி' என்றிருந்தால் அது டிரெய்லருக்கென்றே செய்தது. 'எல்டி' என்றிருந்தால் இலகுரக லாரிக்கானது. ஒரே அளவில் எஸ்டி அதிக எடை தாங்கும் என்று குறித்திருப்பார்கள். இழுபடும் வண்டிக்கு மட்டுமே பயன்படும், மெதுவாகவே ஓடும் என்ற அனுமானத்தில் கிடைத்த சலுகை அது. வேறு குறிப்பு இல்லையென்றால் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர்தான் எஸ்டி டயரின் எல்லை என்பது நெடுங்காலம் இருந்த விதி. இப்போது கூடுதல் வேகக் குறியீட்டுடன் எஸ்டி டயர்கள் வருகின்றன. 2017இல் வந்த குட்இயர் எண்டூரன்ஸ் 87 மைல் வேகத்துக்குத் தகுதி பெற்றது. அந்த வேகத்தில் வீட்டை இழுத்துக்கொண்டு போகச் சொல்லும் சான்றிதழ் அல்ல அது. வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கான அடையாளம் என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரஸ் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 'டிரெட்' சட்டத்தைத் தொடர்ந்து டயர் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. புதிய 139ஆம் விதி கார் டயரையும் எல்டி டயரையும் பிடித்தது. எஸ்டி டயரைப் பழைய விதியிலேயே விட்டுவிட்டது. எல்டி போடுவதே மேல் என்று வாதிடுவோரின் கையில் உள்ள வலுவான சான்று இதுதான். ஆனால் எடைக் கணக்கு அவர்களுக்கு எப்போதும் ஒத்துவருவதில்லை.

அடுத்து வருவது சுமை எழுத்து. பழைய வழக்கில் 10 பிளை என்று சொல்லப்பட்டதே இன்றைய 'ஈ'. டிரெய்லர் டயர்களில் 'டி' எழுத்துக்கு 65, 'ஈ'க்கு 80, 'எஃப்'புக்கு 95, 'ஜி'க்கு 110 பிஎஸ்ஐ என்பது பொதுவான உச்ச அழுத்தம்.

எடைமேடையில் தொடங்கும் கணக்கு

எந்த பிராண்ட் நல்லது என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. அது கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் வண்டியைத் தண்ணீர், துணிமணி, பாத்திரம், எரிவாயு எல்லாவற்றுடனும் எடைமேடையில் ஏற்ற வேண்டும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடைகள் சில நிமிடத்தில் சீட்டுக் கொடுத்துவிடும்.

அச்சுக்கு 7,000 பவுண்டாக மொத்தம் 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ அனுமதிக்கப்பட்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு அச்சும் சேர்ந்து 12,400 பவுண்டு என்று சீட்டு சொல்கிறது. நாலால் வகுத்தால் டயருக்கு 3,100. எஸ்டி235/80ஆர்16 அளவில் ஈ வகை டயர் 80 பிஎஸ்ஐயில் 3,520 பவுண்டு தாங்கும். போதும் என்று தோன்றும். இந்த வகுத்தலில்தான் தவறு ஒளிந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, விரியும் அறை மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தின் ஒரு சக்கரம் 3,400 பவுண்டு சுமக்கக்கூடும். அப்போது மிச்சம் வெறும் 120 பவுண்டு. நாலு சதவீதம்கூட இல்லை. அமெரிக்க டிரெய்லர் வீட்டுத் தொழில் சங்கமான ஆர்விஐஏ 2017இல் கேட்டதே 10 சதவீத உபரி. 15, 20 இருந்தால் நல்லது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே எடை போட்டுத் தரும் சேவையும் உண்டு. டெக்சாஸ் மாநிலம் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் மன்றம் அதை நடத்துகிறது. அதிக எடை சுமக்கும் சக்கரம் எதுவோ, அதற்கேற்ற டயரையே நான்கு இடத்திலும் போட வேண்டும்.

இந்த வண்டிக்கு எல்டி235/85ஆர்16 அளவில் ஈ டயர் போடலாமா? அதன் தாங்குதிறன் 80 பிஎஸ்ஐயில் 3,042 பவுண்டு. சராசரியையே தாங்காது. அதே அளவில் ஜி வகையான குட்இயர் ஜி614, 110 பிஎஸ்ஐயில் 3,750 பவுண்டு தாங்கும். 10 சதவீத உபரியைத் தொட்டுவிடும். ஆனால் அதே ஜி டயரில் பழைய பழக்கத்தில் 80 மட்டும் அடித்தால் தாங்குவது மீண்டும் 3,042தான். தடித்த டயரை வாங்கிவிட்டு அழுத்தத்தைக் கூட்டாமல் விடுவது, காசைக் கொடுத்துப் பழைய ஆபத்தையே திரும்ப வாங்குவது.

ரிம், வால்வு, இடைவெளி

110 பிஎஸ்ஐ அடிக்க ரிம்மும் சம்மதிக்க வேண்டும். ரிம்மின் பின்புறத்தில் பொறித்துள்ள எடையையும், தயாரிப்பாளர் தரும் அழுத்த எல்லையையும் பார்க்காமல் ஜி டயர் வாங்கக் கூடாது. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மேல் தாக்குப் பிடிக்காது. திருகிப் பொருத்தும் உலோக வால்வு கேட்டு வாங்க வேண்டும். 235/80 அளவிலிருந்து 235/85 அளவுக்குப் போனால் டயரின் விட்டம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் கூடும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலும் மேல் வளைவிலும் அந்த இடம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது நல்லது. ஸ்டெப்னியையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது கடைக்குப் போனபின் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் ஏறும். வழியில் ஏறிய அழுத்தத்தைக் கண்டு பயந்து காற்றை இறக்குவது தவறு.

வயதும் பழியும்

டயரில் 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆண்டில் பத்து மாதம் வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு ஐந்து வயதிலேயே மாற்றத்தை யோசிக்க வேண்டும், பட்டன் புதிதாகத் தெரிந்தாலும். கடையில் மூன்று ஆண்டு கிடந்த டயரைப் புதியது என்று வாங்கினால் பாதி ஆயுள் ஏற்கெனவே போயிற்று.

மலிவான இறக்குமதி டயர்களை 'சைனா பாம்' என்று டிரெய்லர்க்காரர்கள் கேலி செய்வார்கள். தரம் குறைந்தவை இருந்தன என்பது உண்மைதான். ஆனால் வெடித்த பல டயர்கள் அளவுக்கு மீறிய சுமையிலும் குறைந்த காற்றிலும் ஓடியவை. எடை பார்க்காதவருக்கு நாட்டின் மீது பழி போடுவது எளிது. சுமையும் அழுத்தமும் கணக்கில் சரிப்பட்ட பிறகு, அந்தத் தகுதியுள்ள டயர்களுக்குள் எந்த பிராண்ட் என்று பார்த்தால் போதும்.

மாட்டிய பின் வீல் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் முறுக்கி, 10, 25, 50 மைல் ஓடியதும் மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பது அச்சுத் தயாரிப்பாளர் டெக்ஸ்டரின் அறிவுரை.