பைத்தார் வராத துறைமுகம்

காயல் துறை வழியே அரபுக் குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு வந்திறங்கிய வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. அவ்வணிகத்தால் நம் முன்னோர் பெற்ற செல்வத்தையும் செல்வாக்கையும் பெருமையோடு எழுதி வருகிறோம். இறங்கிய குதிரைகள் பின்னர் என்னவாயின என்பதைப் பற்றி மட்டும் அதிகம் எழுதியதில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர் நாட்டில் இல்லை. வணிகர்கள் அத்தகையோரை அழைத்து வருவதில்லை. வர விரும்புவோரையும் தடுக்கிறார்கள். குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்காம்.

இது அவதூறாகவும் இருக்கலாம். ஆனால், தடுத்து நிறுத்தும் அளவுக்கு அத்தொழிலாளர் அரபுலகில் இருந்தனரா என்று கேட்டால், நிறையவே இருந்தனர். லாடம் அடிப்பதும் நோய் தீர்ப்பதும் ஒருங்கே செய்தவரைப் 'பைத்தார்' என்றனர். கிரேக்கத்திலிருந்து வந்த சொல் அது. மூலிகை நூலால் புகழ்பெற்ற மாலகா நகரத்து இப்னுல் பைத்தார், பெயரளவில், கால்நடை மருத்துவரின் மகன்தான்! 9ஆம் நூற்றாண்டிலேயே அப்பாஸிய அரண்மனை லாயத் தலைவர் இப்னு அகீ ஹிஸாம் குதிரை மருத்துவம் குறித்து நூல் செய்தார். 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் சுல்தான் நாஸிர் முஹம்மதின் பைத்தாராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய 'காமிலுஸ் ஸினாஅத்தைன்' 1852 முதல் 1860 வரை பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது.

அரண்மனைக்கு வெளியே, கடைவீதியிலும் அத்தொழிலுக்கு மதிப்பும் பொறுப்பும் இருந்தன. சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தசிபுக்காக 12ஆம் நூற்றாண்டில் நூல் எழுதிய ஷைஸரி, மனிதரைக் குணப்படுத்துவதைவிட விலங்கைக் குணப்படுத்துவது அரிது என்கிறார். அது தன் வலியைச் சொல்லாது, பைத்தார் தொட்டும் பார்த்துமே அறிய வேண்டும். பசியாலும் கடும் வேலையாலும் கண்ணீர் விட்ட ஒட்டகத்திற்காக அதன் உரிமையாளரைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தில் இக்கருத்து எழுந்ததில் வியப்பில்லை. அறியாமல் கீறியோ சூடிட்டோ விலங்குக்கு ஊறு செய்த பைத்தார், அதன் விலையில் ஏற்பட்ட குறைவை ஈடுகட்ட வேண்டும் என்பதும் ஷைஸரி தரும் விதி.

காயலில் நடந்த கொடுக்கல் வாங்கலோ வேறு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் போலோவைப் போல வணிகரைக் குற்றம் சாட்டவில்லை. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் குதிரைகளைக் கெடுத்தனர் என்று இந்நாட்டவரையே குறை கூறுகிறார். ஆயினும் ஒப்பந்தத்தை மறைக்கவில்லை. குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசு விலை. விற்றவர் கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன். பாண்டியரின் அமைச்சராக இருந்தவர் அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். வழியில் கடலிலேயே இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலம் முழு விலையையும் கொடுத்தது.