மீட்டாமலே பேசும் இடது கை

வெளியூரில் வளரும் நம்ம பிள்ளைகள் பல பேர் இப்போ கிடார் கத்துக்கறாங்க. பாட்டு ஒண்ணும் வராம, ஒரே தந்தியில் நாலு விரலையும் மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டே இருப்பாங்க. பக்கத்து அறையில் இருக்கறவங்களுக்கு அது பெரிய தொல்லை. ஆனா அந்தத் தட்டலுக்கு இருநூறு வருஷக் கதை இருக்கு.

முதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். சாதாரணமா ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வலது கை தந்தியை மீட்டணும். லெகாட்டோவில் ஒரு தடவை மீட்டினால் போதும், அடுத்த ஸ்வரங்களை இடது கையே எழுப்பும். விரலைச் சுத்தியல் மாதிரி தந்தி மேல் இறக்கினால் ஹேமர்-ஆன். அழுத்திய விரலைப் பக்கவாட்டில் லேசாச் சுண்டி எடுத்தால் புல்-ஆஃப். வீணை கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது அந்நியமா இருக்காது. அங்கேயும் ஒரு மீட்டுக்குப் பல ஸ்வரங்களை இடது கைதான் கொண்டு வருது.

பார்சிலோனாவில் பிறந்த ஃபெர்னான்டோ சோர், 1830-ல் பாரிசில் ஒரு கிடார் பயிற்சி நூல் வெளியிட்டார். வயலின் மாதிரி வேகமான ஸ்வரங்களை ஒவ்வொண்ணா வெட்டி வாசிக்க கிடார் தோதுப்படாது என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொரு கொத்திலும் முதல் ஸ்வரத்தை மட்டும் மீட்டி, மிச்சத்தை இடது கையிடம் விட்டார். ஆனா அன்றைய நரம்புத் தந்தியில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். நீளமா ஓட்ட முடியாது.

1930-களில் மின்சார கிடார் வந்தது. விரல் பட்டாலே ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிசாக்கிக் காட்டியது. இதை முழுசாப் பயன்படுத்திக்கிட்டவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1946-ல் பிறந்த ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். அவர் ஆசைப்பட்டது சாக்ஸபோனுக்கு. கையில் கிடைத்தது கிடார். ஜான் கோல்ட்ரேன் ஒரே மூச்சில் ஊதுவதைத் தந்தியில் கொண்டு வரணும்னு நினைச்சார். புல்-ஆஃப் சுண்டும்போது வரும் பூனை கத்தல் மாதிரியான சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. அதனால் விரலைச் சுண்டாம நேரா மேலே தூக்கப் பழகினார். ஸ்வரங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடின. 1980-களில் சின்த்ஆக்ஸ் என்ற கருவியில், வாயில் குழாய் வெச்சு ஊதியே ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் செய்தார்.

1978-ல் 'இரப்ஷன்' மூலம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த எடி வான் ஹேலன், ஹோல்ட்ஸ்வொர்த்தின் பரம ரசிகர். பெரிய ரெக்கார்ட் கம்பெனியில் அவருக்கு வாய்ப்பு வாங்கிக் கொடுக்க முன்னே நின்றவரும் அவர்தான். அப்படியும் பணம் சேரவில்லை. 2017 ஏப்ரலில், 70 வயதில் ஹோல்ட்ஸ்வொர்த் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவுக்கு ரசிகர்கள்தான் பணம் திரட்டினாங்க.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிற அப்பாக்களுக்கு இந்தக் கதை சாதகமான பதில் இல்லை, தெரியும். ஆனா கேட்டது கிடைக்காத ஒருத்தர், கிடைத்ததை வெச்சே கேட்டதை வாசிச்சுக் காட்டினார். இன்னைக்கு லெகாட்டோ பழகும் பிள்ளைகள் அவர் போட்ட பாதையில்தான் நடக்கறாங்க.

சுண்டுவிரல் வலிக்குதுன்னு பிள்ளை வந்தால், கொஞ்ச நேரம் ஓய்வு எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் மெதுவா ஆரம்பிக்கட்டும். மீட்டின ஸ்வரமும் மீட்டாத ஸ்வரமும் ஒரே அளவில் கேட்குதான்னு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. வேகம் தானா வரும்.