கணு விழுந்த கட்டையும் வில்லும்

கடல் ஒதுக்கிய மரம் நம் மரக்காணத்துக்குப் புதிதல்ல. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் வருகிறது. அது நம் ஊர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அலை கொண்டுவந்த வாசனை மரத்தை அங்கே விறகாக எரித்தார்களாம். அந்தக் கட்டைகள் படுத்துறங்கும் ஒட்டகம்போல் கிடந்தன என்கிறார் புலவர். உப்பளக் கரையில் ஒட்டகம்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மரத்துக்கும் வில்லுக்கும் உள்ள உறவு நம் மொழியிலேயே இருக்கிறது. சிலை என்பது ஒரு மரத்தின் பெயர். வில்லுக்கும் அதே பெயர். (விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தைப் பார்த்து அதையும் வில்லோடு சேர்த்துவிடாதீர்கள்.)

2024 ஃபெஞ்சல் புயலில் சாய்ந்த பூவரசின் கிளை ஒன்றைப் பிளந்து வில் செய்யப் பார்த்தார், என்னிடம் படித்த தம்பி ஒருவர். நடுவில் கணு, ஒரு முனையில் வெடிப்பு. "அடுப்புக்குத்தான் சார் ஆகும்" என்றார். நான் அவருக்குச் சொன்னது இதுதான்.

வில்லை வளைக்கும்போது வெளிப்பக்கமான முதுகு இழுபடும். நம்மைப் பார்க்கும் வயிறு நசுங்கும். முதுகில் நார் அறுந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஒடியும். ஆகவே முனைக்கு முனை நார் அறுபடாமல் ஓட வேண்டும். குளிர்நாட்டு மரத்தில் ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நம் மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாகத் தெரியாது. நாரைத்தான் பார்க்க வேண்டும். கணு வந்தால் இழைத்து மட்டமாக்கக் கூடாது. ஆற்றுப் பாறையைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல் நார் கணுவைச் சுற்றிப் போகிறது. அங்கே கொஞ்சம் மரத்தைக் கூடுதலாக விட்டு, மேடாகவே வைக்க வேண்டும்.

இதற்குச் சான்று கடலடியில் கிடைத்தது. 1545 ஜூலை 19 அன்று மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982இல் தூக்கினார்கள். அதிலிருந்து 170க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம், பெரும்பாலும் ஆறடிக்கு மேல். அரசரின் கப்பலுக்குச் செய்த வில்லிலும் கணுக்கள் உண்டு. அவற்றைச் சுற்றி மரத்தை மேடாக விட்டிருக்கிறார்கள்.

கணு விழுந்த மரத்தை ஏன் எடுத்தார்கள்? நல்ல மரம் போதவில்லை. 1472இல் போட்ட சட்டப்படி, இங்கிலாந்துக்குச் சரக்கு கொண்டுவரும் வணிகர்கள் டன்னுக்கு நான்கு வில்கட்டை சேர்த்துக் கொண்டுவர வேண்டும். சரக்கோடு சுங்கமாக மரம்! யூ மெதுவாக வளரும் மரம். கணுவே இல்லாத கட்டைக்கு எங்கே போவது?

வெடிப்பு விஷயம் வேறு. நாரின் போக்கிலேயே போன வெடிப்பு என்றால் பசை விட்டு நூல் சுற்றிப் பார்க்கலாம். முனையில் இருந்தால் அதை வெட்டிவிட்டு வில்லைக் குட்டையாக்கலாம். நீளம் போதாவிட்டால், நல்ல துண்டுகள் இரண்டைக் கைப்பிடியில் மீன்வால்போல வெட்டி ஒட்டுவதும் உண்டு. குறுக்கே விழுந்த வெடிப்பை நம்பவே கூடாது. நாண் ஏற்றிய வில் முகத்துக்கு நேரே ஒடியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வில்லுக்கோ உண்டிவில்லின் கவட்டைக்கோ எந்த மரம் வெட்டினார்கள்? கேட்டு எழுதுங்கள்.