கூலியும் கைத்தொழிலும்: குளச்சல் வட்டாரத்தில் நம் உழைப்பின் வரலாறு

குளச்சல் என்னும் பெயரைக் கேட்ட அளவில், 1741ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் நிகழ்ந்த போரே வரலாறு பயின்றோர் நினைவுக்கு வரும். மார்த்தாண்ட வர்ம மன்னரின் படை ஒல்லாந்தரை வென்றதும், அவ்வெற்றிக்குச் சின்னமாக நம் ஊரில் தூண் ஒன்று நிற்பதும் சிறுவரும் அறிந்தவை. போருக்குப் பின் நடந்த ஒன்றை மட்டும் இங்குச் சுட்ட விழைகிறோம். சிறைப்பட்ட ஒல்லாந்தருள் டிலனாய் என்பவரும் ஒருவர். அவரைச் சுமை தூக்கவோ கல் உடைக்கவோ மன்னர் அனுப்பவில்லை. கோட்டை கட்டவும் பீரங்கியைக் கையாளவும் அவர் அறிந்திருந்தார் என்பதைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் அமர்த்தினார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றது. பீரங்கி வார்க்கும் பட்டறையும் அங்கு அமைந்தது. திருவிதாங்கூர்ப் படையின் தலைவராகவே வாழ்ந்து 1777இல் மறைந்த அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. வந்தவர் பகைவர், சிறைப்பட்டவர், நம் மொழி அறியாதவர். ஆயினும் அவர் கையில் ஒரு தொழில் இருந்தது.

அதே காலத்தில் இதே மண்ணில் நம் முன்னோர் எவ்வாறு இருந்தனர்? புலையர் என்றும் பறையர் என்றும் குறிக்கப்பட்ட அவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர்; அடகு வைக்கப்பட்டனர். சேற்றின் பதம் அறிந்து விதைப்பதும், நாற்றின் நிறம் கண்டு நீர் பாய்ச்சுவதும், கூடை முடைவதும், பாய் நெய்வதும் அவர்கள் கைவந்த கலைகளே. எனினும் அவற்றைத் தொழில் என்று எவரும் ஏற்கவில்லை. தொழில் என்று ஏற்றால் அதற்கு விலை சொல்ல வேண்டும் அல்லவா? 1812இல் அடிமை விற்பனைக்குச் சில தடைகள் வந்தபோதும் நிலத்தோடு பிணைக்கப்பட்டோர் பழைய நிலையிலேயே விடப்பட்டனர். 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச விளம்பரம் வெளியாயிற்று. அதன் பின்னரும் அடிமை என்ற சொல் போயிற்றேயன்றி, அன்றன்று கிடைக்கும் நெற்கூலியை நம்பி வாழும் வாழ்வு போகவில்லை.

இவ்விருளினூடே ஒரு சிறு செய்தி நம் உள்ளத்தைத் தொடுகிறது. இலண்டன் மிஷனைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அப்பிள்ளைகளுள் அடிமைக் குடியில் பிறந்தோரும் இருந்தனர். லேஸ் விற்று வந்த பணத்தைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. 1855ஆம் ஆண்டின் அரச விளம்பரம் வருவதற்குப் பல்லாண்டு முன்னரே நடந்தது இது. ஊசியும் நூலும் இதைச் செய்தன என்பதை நம் பெண்மக்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அடுத்து நாம் நின்று நோக்க வேண்டியது மகாத்மா அய்யன்காளி நடத்திய வேலைநிறுத்தம். குளச்சலிலிருந்து கடலோரமாக வடமேற்கே சென்றால் விழிஞ்ஞம். அதனை அடுத்தது அவர் 1863இல் பிறந்த வெங்ஙானூர். 1893இல் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டி வழிநடை உரிமையை நிலைநாட்டியவர். 1907இல் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவியவர். நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு இசைந்தும் ஊரார் இசையவில்லை. “எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையேல் உங்கள் வயலுக்கு ஆள் இல்லை” என்னும் நிலையை அவர் எடுத்தார். உழவுக்கூலிகள் வயலில் இறங்கவில்லை. நெல் விளைந்த நிலத்தில் களை வளர்ந்தது.

அன்றாடக் கூலியை நம்பியவன் எத்தனை நாள் பட்டினி கிடப்பான்? நிலக்கிழார்கள் எதிர்பார்த்ததும் அதுவே. அய்யன்காளி விழிஞ்ஞத்து மீனவரிடம் சென்று பேசினார். வயலுக்குப் போகாத உழவர் அவர்களோடு சேர்ந்து மீன்பிடித் தொழிலில் கைகொடுத்துப் பங்கு பெறுவதற்கு வழி செய்தார். அடுப்பு எரிந்தது, ஆகையால் போராட்டம் நின்றது. இதனை வரலாற்று நூல்கள் இரண்டொரு வரியில் கூறிச் சென்றுவிடுகின்றன. நம் கருத்தில் அப்போராட்டத்தின் உயிர்நாடியே அதுதான். பிள்ளையின் நாளைக்காக இன்றைய கூலியை விடு என்று ஏழையிடம் சொல்வது எளிது; அந்த இடைக்காலத்தில் அவன் வீட்டு உலைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று சிந்தித்தவர் சிலரே.

எழுத்தறியாத அப்பெரியார், 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டு மடிய விரும்புவதாகச் சொன்னார். 1941இல் அவர் மறைந்தார். அவர் கேட்ட பட்டத்தைப் பெற்றவர் இன்று நம் தெருக்களில் பலர். இதனை எழுதுவோரும் அவ்வரிசையில் வந்தவரே. பட்டம் பெற்று வேலையின்றி இருப்போரும் அவ்வரிசையில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

கைத்தொழில் என்றவுடன் நம் பெரியோருள் சிலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். அதற்குக் காரணமும் உண்டு. 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு, பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்று ஒரு திட்டம் கொணர்ந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் பதவி ஏற்றபின் அது கைவிடப்பட்டது. நம் வட்டாரம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே அத்திட்டம் இங்கு நடைமுறைக்கு வந்ததில்லை; அதைப் பற்றிய அச்சம் மட்டும் வந்து சேர்ந்தது. தந்தை செய்ததையே மகனும் செய்க என்பது அத்திட்டம். தந்தைக்கு மறுக்கப்பட்ட தொழிலை மகன் கற்பது வேறு. மின்பணியாளர், பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பவர் ஆகிய தொழில்களுள் எதுவும் நம் குலத்தொழில் அன்று.

இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது, நாம் ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன்கீழ் எழுந்தவையே. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 1973இல் அதனைத் திருத்தி, ஒவ்வொரு தொழிலிலும் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் பழகுநர் இடங்களை ஒதுக்க வேண்டும் என்னும் பிரிவைச் சேர்த்தனர். இப்பிரிவு இருப்பதை அறிந்த இளைஞர் நம்மிடையே மிகச் சிலர். அதே 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பெருகியபோது, நம் மாவட்டத்தினரும் கப்பலிலும் வானூர்தியிலும் சென்றனர். தொழிற்சான்றிதழோடு போனவர் வெல்டர் என்றும் எலக்ட்ரீசியன் என்றும் போனார். வெறுங்கையோடு போனவர் ஹெல்பர் என்று போனார். ஒரே வெயில், ஒரே முகாம், சம்பளம் மட்டும் வேறு.

இன்றைய நிலைக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் இல்லாத பொரித்த கோழிக் கடைகளும் ஷவர்மாக் கடைகளும் இப்போது சாலையெங்கும் காணப்படுகின்றன. செல்பேசியில் சொன்ன உணவை மோட்டார் சைக்கிளில் கொண்டு சேர்க்கும் வேலையும் வந்துவிட்டது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளைக்கு அங்கு உடனே இடம் கிடைக்கிறது. அவன் ஏன் போகிறான் என்று கடிந்துகொள்வோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் என்று கொண்டால், மாதம் 26 நாளுக்கு 13,000 ரூபாய். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை 750 ரூபாய். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கூட்டினால் 1,750. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாதம் 11,250. இரண்டு ஆண்டுகளில் 2,70,000 ரூபாய். தந்தை நோயுற்ற வீட்டிலும், தங்கையின் படிப்பு நிற்கும் வீட்டிலும் இத்தொகை சிறிதன்று. பதினேழு வயதுப் பிள்ளை இதனைப் பேராசையால் தேர்ந்தெடுக்கிறான் என்று சொல்வோர் அவ்வீட்டுப் படி ஏறியதில்லை.

உணவுக்கடை வேலை இழிந்தது என்பதும் நம் கருத்தன்று. சமையலும் ஒரு தொழிலே. பரோட்டா மாஸ்டர் கல்லின்முன் நிற்கும்போது முதலாளியும் அவரிடம் பணிந்தே பேசுவதைக் காண்கிறோம். மாஸ்டரிடம் மாவு பிசையக் கற்கும் பையன் தொழில் பழகுகிறான். தட்டுக் கழுவி, மேசை துடைத்து, பொட்டலம் சுமக்கும் பையனோ ஐந்தாண்டு கழித்தும் முதல் நாள் அறிந்ததையே அறிந்திருப்பான். அவனுக்குப் பதிலாக நாளையே வேறொருவனை நிறுத்தலாம். அவன் கூலி உயராமைக்குக் காரணம் இதுவே.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுக் கடைகளின் ஊழியர்க்கு மணிக்கு 20 டாலர் குறைந்த கூலியாயிற்று. அங்கும் இளைஞர் அக்கூலியையும், தொழில் பழகுநர்க்குத் தொடக்கத்தில் கிடைக்கும் ஊதியத்தையும் ஒப்பிட்டே பார்க்கின்றனர். செருமனியில் பழகுநர் சில நாள் நிறுவனத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் பயில, பயிற்சிக் காலத்திலேயே நிறுவனம் ஊதியம் தருகிறது. அவ்வேற்பாட்டை 1969ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் முறைப்படுத்தியது. அய்யன்காளி விழிஞ்ஞத்தில் கண்ட வழியின் சாயல் இதில் தெரிகிறது என்றால் மிகையாகாது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதானால் பார்ப்பதற்கு ஆள் தேடி அலைகிறார்கள். பனிக்கட்டிக் கூடங்களும் மீன் பதப்படுத்தும் இடங்களும் குளிர்பதனத் தொழில் அறிந்தவரை நம்பியே இயங்குகின்றன. கோணத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ. பேருந்தில் சென்று வரும் தொலைவுதான். எட்டாம் வகுப்புத் தேறியவரும் பற்றவைப்புத் தொழிலில் சேரலாம், அது ஓராண்டு. மின்பணியாளர், பொருத்துநர், குளிர்பதனம் முதலியவற்றுக்குப் பத்தாம் வகுப்பும் ஈராண்டும் வேண்டும். சேர்க்கையில் பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அண்மையில் தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய கருவிகள் நிறுவப்பட்டுள்ளன. சான்றிதழ் பெற்ற முதலாண்டிலேயே பெருஞ்சம்பளம் கிடைக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். பெரும்பாலும் கிடைப்பதில்லை, உணவுக்கடைக் கூலியினும் குறைவாகவே தொடங்குவோர் உண்டு. இதனை மறைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் ஆறே மாதத்தில் நின்றுவிடுவர்.

எனவே நமது சங்கத்தின் பொதுக்குழு முன் ஒரு கோரிக்கை வைக்கிறோம். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்க்கு உதவும் எண்ணமே நம்மிடம் மேலோங்கி இருந்தது. வரும் ஆண்டு முதல், குடும்பச் சுமை காரணமாக வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுள் ஐவரையேனும் தெரிந்தெடுத்து, பயிற்சி முடியும் வரை அவர்களுடைய வீட்டுக்கு மாதந்தோறும் அரிசியும் மளிகையும் சங்கச் செலவில் சேர்ப்பிக்க இயலுமா? வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் உறுப்பினர்கள் முன்வந்தால் இது அரிய செயலன்று. ஐ.டி.ஐ. விண்ணப்பங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவையொட்டியே பெறப்படுகின்றன. அதற்கு முன் கூடும் கூட்டத்தில் இதனைப் பொருள்நிரலில் சேர்க்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.