வன்னி வானும் விமானியின் செவியும்

வன்னி நிலத்து மக்கள் ஆகாய விமானத்தைக் கண்ணால் அறிந்ததிலும் காதால் அறிந்ததே மிகுதி. காடடர்ந்த அந்நாட்டில் வானம் மரக்கிளைகளுக்கிடையே துண்டு துண்டாகவே தென்படும். குளக்கட்டில் நிற்பவருக்கும் வயல் வரம்பில் நடப்பவருக்குமே முழு வானமும் வாய்க்கும். ஆதலின் விமானம் வருமுன் அதன் இரைச்சல் வந்துவிடும். அவ்விரைச்சலைத் தரையில் நின்று கேட்டோரின் அநுபவங்கள் பலராலும் பேசப்பட்டுள்ளன. இரைச்சலின் நடுவிலேயே அமர்ந்து, மணிக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டு, அதனூடே வரும் மனிதக் குரலையும் பிரித்தறிய வேண்டியிருந்த விமானியின் செவியைப் பற்றியோ அவ்வளவாக எவரும் எண்ணுவதில்லை. சிறு விமானம் ஓட்டும் ஒருவர் இரைச்சலைத் தணிக்கும் ‘ஹெட்செற்’ ஒன்றை இன்று தேர்ந்தெடுக்கும்போது, அவர் கையில் எடுப்பது ஒரு நூற்றாண்டு காலத் தேடலின் பயனாகும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அதன் பின்னர் இலங்கை பெரியதொரு விமானத் தளமாகவே மாறியது எனலாம். போர்க்காலத்தில் வவுனியாவில் அமைந்த ஓடுபாதையில், 1943ஆம் ஆண்டளவில் பிரித்தானிய றோயல் விமானப் படையின் 22ஆம், 217ஆம் அணிகள் பியூபோர்ட் என்னும் இரட்டை இயந்திர விமானங்களுடன் வந்திறங்கின. அவை சிறு விமானங்கள் அல்ல. கடலில் செல்லும் கப்பல்களைத் தாக்கும் கனத்த விமானங்கள். ஆயினும் அவற்றின் உள்ளே இருந்தவர்களின் தொல்லை இன்று நான்கு பேர் அமரும் சிறு விமானத்தில் இருப்பவரின் தொல்லையே. இயந்திரம் மிக அருகில். சுவரோ மெல்லிய தகடு.

அக்காலத்து விமானியின் தலையில் இருந்தது இறுகப் பொருந்திய தோல் தொப்பி. அதன் இரு பக்கமும் செவிக்கு நேராக ஒலிக்கருவிகள் தைக்கப்பட்டிருந்தன. வெப்ப நாடுகளுக்கெனத் துணியாலான தொப்பியும் வழங்கப்பட்டது. குரலைச் செவிக்குக் கொண்டு சேர்ப்பதே இவற்றின் முதல் நோக்கம். இரைச்சலைத் தடுத்தது ஓரளவே. இரைச்சல் மிகுந்தால் ஒலியைக் கூட்டிக்கொள்வது ஒன்றே வழி. ஓர் ஓசையை வெல்ல அதனினும் பெரிய ஓசை என்ற இம்முறையினால், இயந்திரத்திடமிருந்து ஓரடியும் வானொலியிடமிருந்து மற்றோரடியுமாகச் செவிக்கு இரண்டு அடிகள் விழுந்தன.

அதற்கும் முன்னர் மின்சாரத்தின் துணையே இல்லாத காலம் ஒன்றிருந்தது. 1917ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கொஸ்போட் என்னுமிடத்தில் ஸ்மித்-பரி என்பவர் நடத்திய பறத்தற் பயிற்சிப் பள்ளியில், ஆசிரியர் பேசுவதை மாணவர் கேட்பதற்கு ஒரு றப்பர் குழாய் பயன்படுத்தப்பட்டது. ஆசிரியர் ஒரு முனையில் வாய் வைத்துப் பேசுவார். மறுமுனை மாணவரின் தொப்பியினுள் செவியருகே முடியும். வைத்தியர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயின் உறவினன் என்றே அதைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானங்களிலும் இக்குழாயே பெரிதும் பணி செய்தது. எளிய பொருள், பழுதுபட அதில் ஏதுமில்லை.

இனி அந்த இரைச்சலின் இயல்பைச் சற்று நோக்குவோம். வயலில் ‘லேண்ட்மாஸ்டர்’ உழுதுகொண்டிருக்கும்போது அதை ஓட்டுபவரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்பதில்லை. கூப்பிடுபவர் கையை வீசிக் காட்டுவார். விமானத்தில் கையை வீசிக் காட்டத் தரையில் உள்ள கட்டுப்பாட்டாளர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தின் உள்ளே ஒலி ஏறத்தாழ 90 முதல் 100 டெசிபல் வரை இருக்கும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்பதே செவிக்கு எல்லை என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வாளர் வகுத்துள்ளனர். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். அக்கணக்கின்படி 100 டெசிபலில் செவி தாங்கும் நேரம் ஒரு நாளில் பதினைந்து நிமிடமே. உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அழிவும் ஒரே நாளில் தெரிவதில்லை. முதலில் மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் மயங்கும். பிள்ளைகள் பேசுவது மங்கும். வீட்டார் இரண்டு முறை சொல்ல வேண்டிவரும்.

இவ்விரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த ஓசையாகும். இரண்டு இதழ் கொண்ட காற்றாடி நிமிடத்திற்கு 2,400 முறை சுழன்றால், இதழ்கள் வினாடிக்கு 80 முறை காற்றை அறைகின்றன. அவ்வோசையின் ஓர் அலை ஏறத்தாழ பதினான்கு அடி நீளமுடையது. அத்துணை நீண்ட அலையை ஓரங்குலப் பஞ்சும் பிளாஸ்ரிக் கிண்ணமும் தடுத்துவிடா. கூரிய ஓசைகளை அவை நன்றாகவே தடுக்கும். தாழ்ந்த ஓசை அவற்றின் ஊடே உள்ளே புகுந்துவிடும். அதுமட்டுமன்று. தாழ்ந்த ஓசைக்குத் தன்னினும் உயர்ந்த ஓசைகளை மூடிவிடும் இயல்பு உண்டு. மனிதப் பேச்சின் பொருளைத் தாங்கி நிற்கும் மெய்யொலிகள் இவ்வாறு மூடப்படுகின்றன. வானொலியில் ஐந்து என்பதற்கும் ஒன்பது என்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகக் கேட்டுவிடுதல் கூடும் என்று கருதியே, விமானிகள் அவ்விரண்டையும் ‘ஃபைஃப்’ என்றும் ‘நைனர்’ என்றும் திரித்துச் சொல்லும் வழக்கம் உலகெங்கும் விதியாயிற்று. உயரத்தைக் குறிக்கும் எண்ணில் அப்பிழை நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஓசையைத் தடுக்க இயலாதெனில் ஓசையாலேயே அதனை அழித்தால் என்ன? இவ்வெண்ணத்தை முதலில் உரிமைப் பத்திரமாகப் பதிவு செய்தவர் போல் லூக் என்னும் ஜேர்மானியர். 1933ஆம் ஆண்டில் அவர் தம் நாட்டில் விண்ணப்பித்தார். 1936ஆம் ஆண்டில் அமெரிக்க உரிமையும் கிடைத்தது. குளத்தில் ஓர் அலையின் மேடும் மற்றோர் அலையின் பள்ளமும் ஓரிடத்தில் சந்தித்தால் அவ்விடத்து நீர் அசையாது நிற்கும் அன்றோ? அதுபோல, வரும் ஓசையை ஒலிவாங்கியால் அறிந்து, அதற்கு நேர்மாறான ஓசையை ஒலிபெருக்கியால் எழுப்பினால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதே அவர் கண்ட நெறி. கருத்துச் சரியானது, அதைச் செயற்படுத்தும் கருவிகள் அன்று இல்லை.

1953ஆம் ஆண்டில் ஒல்சன், மே என்னும் இருவர் அமெரிக்காவில் மின்னியல் ஒலியுறிஞ்சி ஒன்றை அமைத்துக் காட்டினர். அதே பத்தாண்டில் லோறன்ஸ் போகல் என்பவர் விமானியின் செவியை மனத்திற்கொண்டே உரிமைகள் பெற்றார். வில்லர்ட் மீக்கர் அமெரிக்க விமானப் படைக்காகச் செவியை மூடும் கருவியிலேயே அம்முறையை இயங்கச் செய்தார். எனினும் ஆய்வுகூடத்திலிருந்து விமானத்திற்குச் செல்ல அக்கருவிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அம்முப்பது ஆண்டுகளை முடித்து வைத்தவர் ஒரு வங்காளியின் மகன். இந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, பிரித்தானியரின் பிடியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற நோனி கோபால் போஸ் என்பவரின் புதல்வர் அமர் போஸ், பொஸ்ரன் நகரையடுத்த மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1978ஆம் ஆண்டில் சூரிச்சிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தில் பயணிகளுக்கென வழங்கப்பட்ட புதிய செவிக்கருவியை அணிந்தார். விமானத்தின் இரைச்சலில் இசை மூழ்கிப் போயிற்று. அவர் சலித்துக்கொண்டு உறங்கிவிடவில்லை. தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கியவர், இறங்குமுன்னரே வழி உண்டு என்ற முடிவுக்கு வந்துவிட்டார் என்பர். வழி உண்டு என்பதற்கும் பொருள் கைக்கு வருவதற்கும் இடையே பதினோராண்டுகள் கழிந்தன. 1986ஆம் ஆண்டு டிசம்பரில் டிக் றூட்டன், ஜீனா ஈகர் ஆகிய இருவரும் ‘வொயேஜர்’ என்னும் இலகு விமானத்தில், எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றினர். ஒன்பது நாள் இடையறாத இரைச்சலினின்று செவியைக் காக்க அவர்களுக்குத் துணை நின்றது இக்கருவியின் முன்மாதிரியே. 1989ஆம் ஆண்டில் அது சந்தைக்கு வந்தது.

அந்த 1978ஆம் ஆண்டு வன்னிக்கும் உரியது. போருக்குப் பின் கைவிடப்பட்டிருந்த வவுனியா ஓடுபாதையை இலங்கை விமானப் படை மீண்டும் திறந்தது அவ்வாண்டிலேதான். அடுத்து வந்த ஆண்டுகளில் வன்னியின் செவி கற்ற பாடம் வேறு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இத்தாலியத் தயாரிப்பான சியாய் மார்ச்செற்றி என்னும் இலகு விமானம் ‘சியாமாசெட்டி’ ஆயிற்று. குண்டு வீசிய கனத்த போக்குவரத்து விமானம் ‘சகடை’ ஆயிற்று. 1996ஆம் ஆண்டில் வந்த இஸ்ரேலிய ஜெற் விமானத்தைக் ‘கிபிர்’ என்று குழந்தையும் சொல்லும். எந்த ஓசைக்குப் பதுங்கு குழிக்கு ஓடவேண்டும், எந்த ஓசைக்கு வேலையைத் தொடரலாம் என்று அவர்கள் செவியால் தீர்மானித்தனர். உள்ளே இருப்பவர் நீக்க விரும்பும் அதே இரைச்சல் கீழே இருப்பவருக்கு உயிர்காக்கும் எச்சரிக்கையாக இருந்தது.

இரணைமடுப் பகுதியில் விடுதலைப் புலிகள் அமைத்த ஓடுபாதையிலும் பறந்தவை சிறு விமானங்களே. செக் நாட்டுத் தயாரிப்பான ஸ்லின் 143, நால்வர் அமரும் ஒற்றை இயந்திர விமானம்; உலகின் பல பறத்தற் கழகங்களில் பயிற்சிக்கென ஓட்டப்படுவது. 2007 மார்ச் 26ஆம் நாள் இரவு கட்டுநாயக்கா விமானப் படைத் தளத்தை அவை தாக்கின. 2008 செப்டெம்பரில் வவுனியாத் தளம் தாக்கப்பட்டது. 2009 பெப்ரவரி 20ஆம் நாள் கொழும்பின்மீது நடந்த பறப்போடு அவற்றின் கதை முடிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் போரும் முடிவுற்றது. அதே வானில் விமானியே இல்லாத விமானமும் சுற்றியது. அதன் இடையறாத ரீங்காரத்தால் மக்கள் அதை ‘வண்டு’ என்றனர். அதை இயக்கியவர் தரையில் இருந்தார். அதன் ஓசையைக் கேட்டவர்கள் கீழிருந்தவர்கள் மட்டுமே.

இனி, சிறு விமானம் ஓட்டுபவர் இன்று ஹெட்செற்றைத் தேரும் முறைக்கு வருவோம். கடையில் வைத்து அணிந்து பார்ப்பதால் பயன் சிறிது. கடையில் எல்லாக் கருவியும் அமைதியாகவே இருக்கும். இயந்திரம் ஓடும்போது அணிந்து, முதலில் மின்னியல் பகுதியை அணைத்துவிட்டுக் கேட்டல் வேண்டும். பற்றரி நடுவானில் தீர்ந்துபோகக் கூடியது. அப்போது செவியைக் காப்பது கிண்ணமும் பஞ்சும் மட்டுமே. பேச்சும் தொடர்ந்து கேட்க வேண்டும். இதில் தவறும் கருவி வேறெதில் சிறந்தாலும் விமானத்திற்கு ஆகாது. இசை கேட்பதற்கென விற்கப்படும் கருவிகளை விமானத்தில் நம்பக் கூடாமைக்கும் இதுவே காரணம். பின்னர் மின்னியல் பகுதியை இயக்கினால், தாழ்ந்த முழக்கம் கதவை மூடியதுபோல் விலகும். அவ்வேளை செவிமடுக்க வேண்டியது அமைதியை அன்று. வானொலியில் வரும் எண்களை. அவை தெளிந்தனவா என்பதே கேள்வி.

எடையும் சிறிய காரியமன்று. பழைய முறைக் கருவிகள் சில ஓர் இறாத்தலை எட்டும்; புதியவை முக்கால் இறாத்தல் அளவிலேயே அமைகின்றன. முதற் கால் மணியில் இவ்வேறுபாடு தோன்றாது. மூன்றாம் மணியில் கழுத்து அதை உணரும். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனை அணிந்தே சோதித்தல் நன்று. தடித்த சட்டத்தின் காம்பு செவிமூடியின் ஓரத்தில் சிறு இடைவெளியை உண்டாக்க, அவ்வழியே இரைச்சல் புகுந்துவிடும். வன்னி போன்ற வெப்ப நிலத்திலோ வியர்வை ஒரு தனிப் பகை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய விமானத்தின் உள்ளே செவிமூடியின் உறை ஊறி, ஒன்றிரண்டு பருவங்களில் வெடித்துவிடும். பருத்தித் துணியுறையும், எளிதில் மாற்றத்தக்க மெத்தையும் உள்ள கருவியே இங்கு ஏற்றது. முன்னணிக் கருவிகளின் விலை ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். அவ்வளவு பொருள் இல்லாதவர், மின்னியற் பகுதி இல்லாத நல்ல கருவியொன்றை வாங்கி, அதனடியில் பஞ்சுச் செவியடைப்பானும் இட்டுக்கொள்ளலாம். பயிற்சி மாணவர் பலர் அவ்வாறே செய்கின்றனர். அது மலிந்ததாயினும் இழிந்த வழியன்று.

அமைதி மிகுவதிலும் ஓர் இடர் உண்டு. இயந்திரத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை அநுபவமிக்க விமானி ஓசையாலேயே அறிவார். எச்சரிக்கை மணிகளும் ஓசையாகவே வருகின்றன. இரைச்சல் தணிக்கும் கருவி இவற்றையும் மங்கச் செய்யக்கூடும் என்று 2007ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் விமானிகளுக்கு அறிவுறுத்தியது. ஆகவே புதிய கருவியை வாங்கியவர், தரையில் நிற்கும்போதே அதை அணிந்து, விமானத்தின் எச்சரிக்கை ஒலிகளை இயன்றவரை ஒவ்வொன்றாக எழுப்பிக் கேட்டுப் பார்க்கிறார்; கேளாத ஒலி ஒன்று இருப்பின், அக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறார்.