பட்டியலும் களஞ்சியமும்

கொழும்பு கிராண்ட்பாஸ் வீதியில் நெடுங்காலமாக இயங்கிவரும் வீரகேசரி நாளிதழ், ஆவணிப்பட்டி பெரி. சுப்பிரமணியம் செட்டியாரால் 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய இதழொன்றின் பழைய தொகுதிகளில் ஒரு செய்தியைத் தேடப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்ளும் வினா, "எந்தத் திகதி?" என்பதாகும். திகதி தெரியின் தாளைப் புரட்டலாம். தெரியாவிடின், ஆண்டுக்கணக்கான தாள்கள் கண்முன்னே இருப்பினும் அவை அவனுக்கு இல்லாதனவே. பொருளைப் பேணுதல் வேறு, அதனை அடையும் வழியைப் பேணுதல் வேறு என்பது இதனாற் புலனாகும். இவ்விரண்டாவது பணியின் வரலாற்றையே இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்திய பட்டியலொன்றை ஜோன் மேர்டொக் 1865இல் சென்னையில் வெளியிட்டார். இலங்கையில் 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், அச்சாகும் நூல்களின் படிகளைப் பேணவும் அவற்றைப் பதிவு செய்யவும் வகைசெய்தது. பிரித்தானிய நூதனசாலையிலுள்ள தமிழ் நூல்களின் பட்டியலைப் பார்னெற்றும் போப்பும் 1909இல் வெளியிட்டனர். 1931இல் அதற்குத் துணைப் பட்டியலொன்று வேண்டியதாயிற்று. பட்டியல் என்பது ஒருமுறை எழுதி முடிக்கும் நூலன்று என்பதற்கு இதுவே சான்று. களஞ்சியம் வளருந்தோறும் அதுவும் வளர்தல் வேண்டும்.

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பர். எனினும் ஆராய்ச்சியாளனுக்கு வேண்டுவது தொகையன்று, ஒவ்வொன்றின் பெயருமாகும். எரிந்தவற்றுள் எதன் படி பிறிதோரிடத்தில் உண்டு, எது முற்றாக மறைந்தது என்பதனைப் பட்டியலின்றி அறிதல் அரிது. களஞ்சியமும் அதன் பட்டியலும் ஒரே கூரையின்கீழ் மட்டும் இருத்தலாகாது என்பதே அத்தீ உணர்த்தும் பாடம். 2002இல் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' முதற்றொகுதி வெளிவந்தமையும், 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தொடங்கப்பெற்றமையும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கன.

எண்ணிம நூலகத்தின் ஏடுகள் வழங்கி எனப்படும் கணினியில் கோப்புகளாக உறைகின்றன. அங்கும் பட்டியலே முதன்மை பெறுகின்றது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யுனிக்ஸ் முறைமையில், அடைவு என்பது பெயரையும் ஓர் எண்ணையும் மட்டுமே தாங்கும். கோப்பின் அளவு, உரிமை, வட்டில் அது கிடக்கும் இடம் ஆகியன அவ்வெண்ணுக்குரிய பதிவில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்படின் பெயரும் பதிவும் பிணங்கக்கூடும். அப்போது சோதனை நிரல் எல்லாப் பதிவுகளையும் ஒப்புநோக்கி, பெயரிழந்த கோப்புகளைத் 'தொலைந்து கிடைத்தவை' எனப் பொருள்படும் அடைவொன்றில் இடும். உள்ளடக்கம் சிதையாதிருப்பினும் அது யாதென அறியப் பெயரில்லை.

இவ்விடரைக் குறைக்கவே, செய்யப்போகும் மாற்றத்தை முதலிற் குறிப்பேடொன்றிற் பதிந்து, பின்னர் நிறைவேற்றும் முறை கையாளப்பட்டது. லினக்ஸில் 2001இல் பரவலான எக்ஸ்ட்3 முறைமை இத்தகையது. முந்திய எக்ஸ்ட்2இலிருந்து, கோப்புகளை இடம்பெயர்க்காமலே இதற்கு மாறலாம். களஞ்சியம் அசையாதிருக்க, அதனைக் காக்கும் ஒழுங்கு மட்டும் மேம்படுகின்றது. ஆயினும் குறிப்பேடு எரிந்த வட்டை மீட்காது. ஆதலின் மேம்படுத்துமுன் பட்டியலுக்கும் கோப்புகளுக்கும் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனச் சோதித்து, வேறோர் ஊரில் வைத்தல் இன்றியமையாதது.

நம் பல்கலைக்கழக மன்றங்களின் பழைய மலர்கள் எத்தனை? அவை எங்குள்ளன? இவ்வினாக்களுக்கு விடை எழுதத் தொடங்கும் மாணவன், மேர்டொக் தொடங்கிய பணியையே தொடர்பவனாவான். ஏடுகளை மீண்டும் அச்சிடப் பொருள் வேண்டும்; பட்டியலிடுதற்கோ பொறுமை ஒன்றே போதும்.